கடைவாய்ப் பல்லும் அடுத்த பத்து நாள்களும்: ஈரோட்டுப் பல் மருத்துவமனை ஒன்றில் என் அனுபவம்

பொங்கலுக்குக் கரும்பு கடித்த மறுநாள், என் இடப்பக்கக் கீழ்த்தாடையில் கடைசிப் பல்லை மூடியிருந்த ஈறு வீங்கிக்கொண்டது. இரண்டே நாளில் வாயை முழுதாகத் திறக்க முடியவில்லை. எச்சில் விழுங்கினால் காது வரை வலித்தது. கோபிசெட்டிபாளையத்தில் மேல்நிலை வகுப்புகளுக்கு வேதியியல் கற்பிக்கும் எனக்குப் பிப்ரவரியில் செய்முறைத் தேர்வுகள் காத்திருந்தன. ஈரோட்டில் பெருந்துறைச் சாலைப் பக்கம் இருக்கும் ஒரு பல் மருத்துவமனையில் ஜனவரிக் கடைசியில் அந்த ஞானப்பல்லை எடுத்துக்கொண்டேன். பல் பிடுங்க வேண்டும் என்று கேட்டதுமே அஞ்சி நாளைத் தள்ளிப்போடுகிறவர்களுக்குப் பயன்படும் என்பதால், அங்கு நடந்ததையும் அதன்பின் வீட்டில் கழிந்த பத்து நாள்களையும் விரிவாகவே எழுதுகிறேன். மருத்துவமனையின் பெயரை எழுதவில்லை. எந்த ஊரில் எந்தப் பல் மருத்துவரிடம் போனாலும் எதைக் கவனிக்க வேண்டும், எதைக் கேட்டுப் பெற வேண்டும் என்பதைச் சொல்லவே இதை எழுதத் தொடங்கினேன்.

மரத்துப்போன வாய்க்குள் மருத்துவரின் கை என்ன செய்கிறது என்பது நமக்குத் தெரியாது. எனவே அவருடைய கைத்திறனை நம்மால் முழுதாக எடைபோட முடியாது. பல்லை எடுத்து முடித்தபின் நம்மிடம் என்ன சொல்லி, எதைக் கையில் கொடுத்து வீட்டுக்கு அனுப்புகிறார்கள் என்பதை மட்டும் யாராலும் எடைபோட முடியும். இதை ஆறு ஆண்டுகளுக்கு முன் வேறோர் ஊரில், வேறொரு மருத்துவமனையில் வலியோடு கற்றுக்கொண்டேன். அன்று எடுத்தது சொத்தை விழுந்த கீழ்க்கடைவாய்ப் பல். பத்து நிமிடத்தில் வேலை முடிந்தது. வாயில் பஞ்சை வைத்து, மாத்திரைச் சீட்டைக் கொடுத்து, அடுத்தவரை அழைத்துவிட்டார்கள். வழியில் இளநீர்க் கடையில் நின்று குழல் போட்டு உறிஞ்சிக் குடித்தேன். வீட்டுக்கு வந்ததும், புண் சுத்தமாக இருக்க வேண்டும் என்று நினைத்து, உப்புத் தண்ணீரை வாயில் அடக்கி வேகமாகக் கொப்பளித்துத் துப்பினேன். மூன்றாம் நாள் மாலை தொடங்கிய வலியைப் பல்வலி என்றே சொல்ல முடியாது. தாடை முழுவதும் பற்றி, காதுக்குள் ஏறி, நெற்றிப்பொட்டில் துடித்தது. வாயில் அழுகிய நாற்றம். திரும்பப் போனபோது, "பல்லு புடுங்கினா வலிக்கத்தானுங்க செய்யும்" என்று இன்னொரு வலி மாத்திரையைச் சேர்த்து எழுதி அனுப்பினார்கள். ஐந்தாம் நாள் வேறொரு மருத்துவர் அந்தக் குழியைக் கழுவி, கிராம்பு எண்ணெய்ச் சத்துள்ள மருந்தை உள்ளே வைத்தபிறகுதான் ஒரு மணி நேரத்துக்குள் வலி இறங்கியது.

அந்த மருத்துவர்தான் காரணத்தையும் சொன்னார். பல்லை எடுத்த குழியில் இரத்தம் நிறைந்து உறைய வேண்டும். அந்த உறைவு அடியிலுள்ள எலும்பையும் நரம்பு முனைகளையும் மூடிக் காக்கிறது; அதற்குள்தான் புதிய திசு வளர்கிறது. உறிஞ்சுதல், துப்புதல், வேகமாகக் கொப்பளித்தல், புகைபிடித்தல் ஆகியவற்றால் அந்த உறைவு பெயர்ந்துவிட்டாலோ கரைந்துவிட்டாலோ எலும்பு திறந்துகிடக்கும். இதைப் பல் மருத்துவர்கள் 'டிரை சாக்கெட்' என்கிறார்கள். உலர்ந்த பற்குழி என்று தமிழில் சொல்லலாம். வழக்கமாகப் பல் எடுத்த இரண்டாம் நாளுக்கும் நான்காம் நாளுக்கும் இடையில் அது தலைகாட்டும். எல்லாவற்றையும் சரியாகச் செய்தவருக்கும் சில வேளை வரும். சாதாரணப் பல்லானால் நூற்றுக்கு 1 முதல் 5 பேர் வரையிலும், எலும்புக்குள் சிக்கிய கீழ் ஞானப்பல்லானால் 30 பேர் வரையிலும்கூட வரலாம் என்று பல் மருத்துவ நூல்கள் குறிப்பிடுகின்றன. எனவே என் முதல் மருத்துவமனையின்மீது எனக்குள்ள குறை, அது வந்தது என்பதற்காக ஏற்பட்டதல்ல. துப்பாதீர்கள், உறிஞ்சாதீர்கள் என்று சொல்ல ஒரு நிமிடம்கூட ஆகியிருக்காது. அந்த ஒரு நிமிடத்தை எனக்குத் தரவில்லை என்பதே குறை. வலியோடு திரும்பிப் போனவளின் வாயைத் திறந்து பார்க்காமலே அனுப்பியது அதைவிடப் பெரிய குறை.

இனி இப்போதைய மருத்துவமனை. முதல் நாள் போனபோது பல்லை எடுக்க மறுத்துவிட்டார்கள். ஈறு வீங்கிச் சீழ் பிடித்திருக்கும்போது மரத்துப்போகும் ஊசி சரியாக வேலை செய்யாது என்று விளக்கி, ஈற்று மடிப்புக்கு அடியில் மருந்து நீரால் கழுவிவிட்டு, 5 நாள்களுக்கு மாத்திரை கொடுத்தார்கள். அவற்றுள் ஒன்று மெட்ரோனிடசோல் என்ற கிருமிக்கொல்லி மருந்து; அதைச் சாப்பிடும் நாள்களில் மது கூடவே கூடாது என்று, அதே மாத்திரை வாங்கிய இன்னொரு நோயாளியிடம் அழுத்திச் சொன்னதையும் கேட்டேன். வந்தவுடன் பிடுங்கிக் காசு வாங்கிக்கொள்ளாமல் காத்திருக்கச் சொன்னதே எனக்கு முதல் நம்பிக்கையைத் தந்தது.

அதே நாளில் தாடை முழுவதையும் காட்டும் ஓ.பி.ஜி. எக்ஸ்ரே எடுத்தார்கள். மருத்துவர் அதைத் திரையில் போட்டு, பேனா முனையால் காட்டிக்காட்டி விளக்கினார். என் ஞானப்பல் நிமிர்ந்து முளைக்காமல் தனக்கு முன்னால் இருக்கும் கடைவாய்ப் பல்லின்மீது சாய்ந்து கிடந்தது. இரண்டுக்கும் இடையிலான சந்தில் உணவு தங்கி, நல்ல பல்லின் பின்புறமும் சொத்தை விழத் தொடங்கியிருந்தது. வேரின் நுனிக்கு மிக அருகில் கீழ்த்தாடை நரம்பு செல்லும் குழாய் மெல்லிய இரு கோடுகளாகத் தெரிந்தது. "இந்த நரம்புக்குப் பக்கத்துல வேலை செய்யறதால கீழ் உதடும் தாடை நுனியும் கொஞ்ச நாளைக்கு மரத்த மாதிரி இருக்க வாய்ப்பு இருக்குதுங்க டீச்சர். பெரும்பாலும் தானாச் சரியாயிரும். அபூர்வமா நிலைச்சும் போகலாம். யோசிச்சுட்டுச் சொல்லுங்க" என்றார். நல்ல செய்தியோடு கெட்ட வாய்ப்பையும் சேர்த்துச் சொல்லி, முடிவை என்னிடம் விட்ட அந்தப் பேச்சு எனக்குப் பிடித்திருந்தது. ஞானப்பல் பொதுவாக 17 வயதிலிருந்து 25 வயதுக்குள் முளைக்கும்; எனக்கு வயது 36. வயது ஏற ஏற எலும்பு இறுகிவிடுவதால் ஆறுவதற்குச் சற்றுக் கூடுதல் நாள் பிடிக்கும் என்பதையும் முன்கூட்டியே சொன்னார்.

பல் எடுக்கும் நாளன்று காலையில் இட்லி சாப்பிட்டுவிட்டே வரச் சொல்லியிருந்தார்கள். இரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்த்தார்கள். என்ன நோய் உண்டு, எந்த மாத்திரை சாப்பிடுகிறீர்கள், எந்த மருந்து ஒவ்வாது என்று ஒவ்வொருவரையும் உட்கார வைத்துக் கேட்டு எழுதிக்கொண்டார்கள். எனக்கு முன்னால் சிவகிரிப் பக்கமிருந்து வந்திருந்த ஒரு பெரியவர் இருந்தார். இதயக் குழாயில் ஸ்டென்ட் வைத்தவர்.

"ஏனுங்கய்யா, ரத்தம் உறையாம இருக்கிற மாத்திரையை நிறுத்திட்டேன்னு சொல்றீங்களே, யாருங்க நிறுத்தச் சொன்னது?"

"நானேதானுங்க. பல்லுப் புடுங்கினா ரத்தம் நிக்காதுன்னு பக்கத்து வூட்டுக்காரரு சொன்னாருங்க. நாலு நாளாச்சுங்க."

மருத்துவர் அன்று அவருக்குப் பல் எடுக்கவில்லை. அவருடைய இதய மருத்துவரை உடனே தொலைபேசியில் அழைத்துப் பேசி, மாத்திரையை அன்றே மீண்டும் தொடங்கச் சொன்னார். ஒரு பல்லை எடுக்கும்போது வரும் கசிவைப் பஞ்சாலும் தையலாலும் நிறுத்த முடியும். மாத்திரையை நிறுத்தியதால் இதயத்தில் அடைப்பு ஏற்பட்டால் அதை அவ்வளவு எளிதாகச் சரிசெய்ய முடியாது என்று அந்தப் பெரியவருக்குப் புரியும்படி நிதானமாக எடுத்துச் சொன்னார். நம் வீடுகளில் இப்படி மாத்திரையைத் தாமாக நிறுத்திக்கொள்கிற பெரியவர்கள் எத்தனையோ பேர். அவர்களுக்காகவே இதை இங்கே எழுதுகிறேன்.

ஊசியைப் பற்றி அச்சம் கொண்டவர்களுக்கு: முதலில் ஈறில் ஒரு களிம்பைத் தடவிக் காத்திருந்தார்கள். பிறகு ஊசி ஏறும்போது எறும்பு கடித்ததற்குச் சற்று மேலான வலிதான். மருந்தோடு கலந்திருக்கும் அட்ரினலினால் இரண்டு நிமிடம் நெஞ்சு படபடத்தது. அதையும் முன்பே சொல்லியிருந்ததால் பதறவில்லை. அட்ரினலின் அங்குள்ள இரத்தக் குழாய்களைச் சுருக்குவதால் கசிவு குறைகிறது, மரப்பும் நீடிக்கிறது. சில நிமிடங்களில் கீழ் உதட்டின் இடப்பாதி எனக்குச் சொந்தமில்லாததுபோல் கனத்துப்போனது. என் அப்புச்சி இளவயதில் சந்தையில் பல் பிடுங்குகிறவரிடம், இரண்டு பேர் தலையைப் பிடித்துக்கொள்ள, ஊசி இல்லாமலே பல் எடுத்துக்கொண்டதாகச் சொல்லக் கேட்டிருக்கிறேன். எனக்கு ஊசியில் போட்ட மரப்பு மருந்தான லிக்னோகெய்னை 1943-ஆம் ஆண்டு சுவீடன் நாட்டு வேதியியலாளர் நில்ஸ் லோஃப்கிரன் உருவாக்கினார். வகுப்பில் மூலக்கூறுகளை எழுதிப்போடும் எனக்கு, அந்த நாற்காலியில் கிடந்தபோது அந்த மனிதர்மீது மெய்யாகவே நன்றி சுரந்தது.

வேலை முடிய ஏறத்தாழ 40 நிமிடம் ஆனது. ஈற்றைக் கீறி, சுற்றியுள்ள எலும்பைச் சிறிது செதுக்கி, பல்லை இரண்டு துண்டாக அறுத்து எடுத்தார்கள். அழுத்தம் நன்றாகத் தெரிந்தது, வலி தெரியவில்லை. எலும்பின் வழியாகக் காதுக்குள் வரும் ஓசைதான் கடினமானது. அந்த ஓசை எப்போது வரும், எவ்வளவு நேரம் இருக்கும் என்பதை ஒவ்வொரு முறையும் முன்கூட்டிச் சொன்னார்கள். கையை உயர்த்தினால் நிறுத்துவதாகச் சொல்லி, நான் ஒருமுறை உயர்த்தியதும் உடனே நிறுத்தினார்கள். முடிந்தபின் எஃகுத் தட்டில் அந்த இரண்டு துண்டுகளையும் காட்டினார்கள். மேற்புறம் வெள்ளையாக இருந்தாலும் வேர்ப்பகுதி பழைய தந்தத்தின் மஞ்சள் நிறம். இரண்டு வேர்களும் நுனியில் ஒரே பக்கமாகக் கொக்கிபோல் வளைந்திருந்தன. அந்த வளைவைப் பார்த்தபிறகுதான் ஏன் அறுத்து எடுத்தார்கள் என்பது விளங்கியது.

அதன்பிறகு நடந்ததுதான் இந்த மருத்துவமனையை நான் பாராட்டுவதற்கு முதற்காரணம். என்னையும் உடன் வந்த தங்கையையும் தனியறையில் உட்காரவைத்து, உதவியாளர் பெண் பத்து நிமிடம் பேசினார். மடித்த துணிப்பஞ்சை 45 நிமிடம் அழுத்திக் கடித்தபடியே இருக்க வேண்டும். வாயில் ஊறும் எச்சிலை, இரத்தம் கலந்திருந்தாலும், விழுங்கிவிட வேண்டும். 24 மணி நேரத்துக்குத் துப்பவோ கொப்பளிக்கவோ குழல் போட்டு உறிஞ்சவோ கூடாது. ஏன் என்று தங்கை கேட்டதற்கு அவர் சொன்ன பதில் இன்னும் காதில் இருக்கிறது: "அக்கா, நீங்க கோபிக்காரங்க. நாத்து நட்ட அன்னிக்கே மடையை முழுசாத் திறந்துவிடுவீங்களா? நாத்து பேந்து மிதந்துருமில்லீங்களா? வேர் புடிக்கற வரைக்கும் சலசலன்னு தண்ணி போகக்கூடாதுங்க." தடப்பள்ளி வாய்க்கால் பாசனத்தில் வளர்ந்த எங்களுக்கு இதற்குமேல் விளக்கம் தேவைப்படவில்லை. ஆறு ஆண்டுகளுக்கு முன் இந்த வார்த்தைகளை யாராவது சொல்லியிருந்தால் அந்த வேதனை எனக்கு வந்திருக்காமலே போயிருக்கலாம்.

மரப்பு நீங்குவதற்குள் முதல் வலி மாத்திரையைச் சாப்பிட்டுவிடச் சொன்னதும் மிகவும் பயன்பட்ட அறிவுரை. வலி வந்தபின் மாத்திரையைத் தேடினால் அது வேலை செய்யும்வரை தவிக்க வேண்டியிருக்கும். சித்தோடு, கவுந்தப்பாடி வழியாக வீட்டுக்கு வந்த பேருந்தில், பனிக்கட்டியைத் துண்டில் சுற்றிக் கன்னத்தில் 15 நிமிடம் வைப்பதும் 15 நிமிடம் எடுப்பதுமாக வந்தேன். துப்பத் தோன்றியபோதெல்லாம் தங்கை கையைப் பிடித்து அழுத்தினாள்.

முதல் இரவு இரண்டு தலையணை வைத்துத் தலையை உயர்த்திப் படுத்தேன். தலையணை உறையில் செந்நிறக் கறை பட்டிருந்ததைக் காலையில் பார்த்து அம்மா பயந்துபோனார். எச்சிலில் இரத்தம் கோடாகக் கலந்துவருவது முதல் நாளில் இயல்பு. வாய் நிறைய நிறைய ஊறினால்தான் புதுத் துணிப்பஞ்சைக் கடித்துக்கொண்டு அழைக்க வேண்டும் என்பதும் எங்களுக்குச் சொல்லப்பட்டிருந்தது. இரண்டாம் நாள் வீக்கம் ஏறியது. மூன்றாம் நாள் முகம் ஒருபக்கம் கொழுக்கட்டைபோல் ஆனது. வீக்கம் அந்த இரண்டு நாள்களில்தான் உச்சத்துக்குப் போகும் என்று தெரிந்திருந்தும் கண்ணாடியில் பார்க்கும்போது மனம் கலங்கத்தான் செய்தது. வாய் இரண்டு விரல் அளவுக்குமேல் திறக்கவில்லை. பார்க்க வந்த அம்மிச்சி, "மேப்பல்லையாச்சும் தொடாம விட்டாங்களே, கண்ணு. அதைப் புடுங்கினாக் கண்ணு போயிருமில்ல" என்று ஆறுதல் சொன்னார். இந்த நம்பிக்கை நம் பக்கத்தில் இன்றும் பலரை மருத்துவரிடம் போகவிடாமல் தடுக்கிறது. மேல்பற்களின் உணர்வைச் சுமப்பது முக்கிளை நரம்பின் ஒரு கிளை. பார்வையைச் சுமப்பது கண்ணின் பின்புறமிருந்து மூளைக்குச் செல்லும் பார்வை நரம்பு. இரண்டும் வெவ்வேறு. மேல்பல்லை எடுத்ததால் பார்வை போகாது என்று அம்மிச்சியிடம் படம் வரைந்து காட்டினேன்.

பல் எடுத்த மறுநாள் மாலையே மருத்துவமனையிலிருந்து அழைப்பு வந்திருந்தது. காய்ச்சல் இருக்கிறதா, இரத்தம் நின்றதா, உதட்டில் உணர்வு திரும்பியதா என்று மூன்று கேள்விகள். உணர்வு முழுதாகத் திரும்பியிருந்தது. மூன்றாம் நாள் இரவு, பழைய நினைவில் அஞ்சி நானே அழைத்தபோது மருத்துவரே பேசினார். வலி கூடிக்கொண்டு போகிறதா, நின்ற இடத்தில் நிற்கிறதா, காதுக்குப் பரவுகிறதா, வாயில் நாற்றம் இருக்கிறதா என்று கேட்டு, வீக்கத்தின் வலிதான் என்று சொன்னார்; சந்தேகம் இருந்தால் காலையில் நேரில் வந்துவிடும்படியும் சொன்னார். போகத் தேவைப்படவில்லை.

சாப்பாட்டைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் அவர்கள் தந்த தாளில் ஐஸ்கிரீம், சூப், பிசைந்த உருளைக்கிழங்கு என்றே இருந்தது. எனக்கு ஒத்துவந்தவை நன்றாக ஆறிய, வடிகட்டிய ராகிக் கஞ்சி, மோர், தேங்காய்ப் பாலில் ஊறவைத்துக் குழைத்த சந்தகை, நான்காம் நாளிலிருந்து குழைய வேகவைத்த அரிசியும் பருப்பும். சூடான கொள்ளு ரசமும் காரமும் ஒரு வாரத்துக்கு வேண்டாம். கம்பங்கூழில் நொய் இருக்குமாதலால் அதையும் தவிர்த்தேன். எள், நிலக்கடலை, முறுக்கு போன்றவற்றின் துணுக்குகள் குழிக்குள் இறங்கினால் எடுப்பது கடினம். 24 மணி நேரம் கழிந்தபின், ஒரு டம்ளர் வெதுவெதுப்பான நீரில் அரைத் தேக்கரண்டி உப்புப் போட்டு, வாயில் ஏந்தி, தலையை மெல்லச் சாய்த்து, துப்பாமல் தானாக வழியவிட்டேன். சாப்பிட்டபின் ஒவ்வொரு முறையும் இதைச் செய்தேன். ஈறில் புகையிலை வைக்கும் பழக்கம் உள்ளவர்கள் இந்த நாள்களில் அதை நெருங்கவே கூடாது.

ஆறாம் நாள் பள்ளிக்குப் போனேன். முதல் பாடவேளையிலேயே தாடை இழுத்ததால் கரும்பலகையில் எழுதிப்போட்டு ஒப்பேற்றினேன். தொடர்ந்து பேச வேண்டிய வேலையில் இருப்பவர்கள் ஒரு வாரம் முழுதாக விடுப்பெடுப்பதே நல்லது. ஏழாம் நாள் மாலை கறுப்புப் பட்டு நூல் தையல் மூன்றையும் பிரித்தார்கள், வலி இல்லை.

குறைகளும் உண்டு. மருத்துவமனை முதல் மாடியில் இருக்கிறது, மின்தூக்கி இல்லை. அந்தச் சிவகிரிப் பெரியவர் கைப்பிடியைப் பற்றி மூன்று இடத்தில் நின்று ஏறியதைப் பார்க்க வருத்தமாக இருந்தது. கொடுத்த நேரத்துக்கு 50 நிமிடம் கழித்தே மூன்று முறையும் உள்ளே அழைத்தார்கள். வெளியூரிலிருந்து பேருந்தைக் கணக்கிட்டு வருகிறவர்களுக்கு அது பெரிய சிரமம். எக்ஸ்ரே, மாத்திரை, தையல் பிரித்தல் எல்லாம் சேர்த்து எனக்கு 6,200 ரூபாய் ஆனது. இவ்வளவு வேலைக்கு அது மிகுதி என்று நான் நினைக்கவில்லை. ஆனால் எதற்கு எவ்வளவு என்று பிரித்து எழுதிய ரசீதைக் கேட்டபிறகே கொடுத்தார்கள்.

எல்லாவற்றையும்விட எனக்கு மனக்குறையாக இருந்தது, அவ்வளவு அழகாகத் தமிழில் பேசி விளக்கியவர்கள் கையில் கொடுத்த தாள் முழுக்க ஆங்கிலத்தில் இருந்ததுதான். சம்மதக் கையெழுத்து வாங்கிய படிவமும் அப்படியே. வாயில் பஞ்சும் மனத்தில் கலக்கமுமாக உட்கார்ந்திருப்பவர் காதால் கேட்டதில் பாதியைத்தான் வீட்டுக்கு எடுத்துப்போகிறார். மீதியை அந்தத் தாள்தான் சொல்ல வேண்டும். தையல் பிரிக்கப் போன அன்று, அந்த அறிவுரைகளைத் தமிழில் ஒரே பக்கத்தில் எழுதிக்கொண்டுபோய்க் கொடுத்தேன். சாப்பாட்டுப் பகுதியில் நம் ஊர் உணவுகளைச் சேர்த்திருந்தேன். மருத்துவர் படித்துப் பார்த்து, வெதுவெதுப்பான ஒத்தடத்தை 48 மணி நேரத்துக்குப் பிறகே கொடுக்க வேண்டும் என்ற ஒரு வரியைத் தம் கையால் சேர்த்துவிட்டு, அச்சடிக்கக் கொடுப்பதாகச் சொன்னார்.

இதை எழுதும்போது ஏழாவது வாரம் நடக்கிறது. ஈறு மூடிவிட்டது, பள்ளம் மட்டும் இன்னும் சிறிது இருக்கிறது, உள்ளே எலும்பு நிரம்பச் சில மாதங்கள் ஆகும் என்கிறார்கள். சில நாள் சோற்றுப் பருக்கை அதில் தங்கும்போது, அவர்கள் கொடுத்த முனை வளைந்த பீச்சுக்குழலால் நீரடித்து எடுத்துவிடுகிறேன். வலப்பக்கத்திலும் அதேபோல் சாய்ந்த ஒரு பல் இருக்கிறது. அதை மே மாத விடுமுறையில் எடுக்க அதே இடத்தில் நாள் வாங்கியிருக்கிறேன். தமிழ்த் தாள் அச்சாகி வந்துவிட்டதா என்று அன்று பார்த்து, இதன் கீழேயே எழுதுகிறேன்.